சுற்றுவழி

கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மாடிப் பின்னறை ஜன்னலை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள் அட்ராக்டா. எதிரே, சுவருக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வீட்டு மாடியில் தம்பி மனைவி டிம்ப்னா நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் கைப்பேசி.

“தெரியுது உன்னை,” என்றாள் அட்ராக்டா.

“எனக்கும் தெரியுது. கிளம்பி வந்துடு. நர்ஸ் வந்திருக்கு. மூச்சு மாறிடுச்சாம். மத்தியானம் தாண்டாதுங்குது.”

“நேத்து சூப் குடிச்சான்னு சொன்னியே.”

“நேத்து குடிச்சாரு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். நடுவில் அட்ராக்டாவின் துணிக்கொடி, நிலக்கரிக் கொட்டகை, எட்டடிச் சுவர், அதன்மேல் கூர்முனை வைத்த இரும்பு வேலி, பிறகு இரண்டு தோட்டங்கள். உரக்கக் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். டிம்ப்னாவுக்குப் பின்னால் கட்டிலின் தலைமாடு தெரிந்தது. அதில் படுத்திருப்பவன் தெரியவில்லை.

“கார் இருக்கு, வாசல்ல நிக்குது,” என்றாள் டிம்ப்னா. “எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து வீடெல்லாம் சர்ச்சுக்குப் போயிடுச்சு. பையன் டோனல் கார்க் நகரத்துல இருந்து கிளம்பிட்டான், மூணு மணி நேரம் ஆகும்.”

“நான் வந்துடறேன். நீ போய் அவன் பக்கத்துல உட்காரு.”

டிம்ப்னா ஜன்னலிலிருந்து விலகினாள்.

அந்தச் சுவர் இருக்கும் இடத்தில் ஒன்பது வருடத்துக்கு முன்பு வரை ஒரு சந்து இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும். இந்தப் பக்கம் ஈட்டா வரிசை, நகராட்சி கட்டிக் கொடுத்த பழைய வீடுகள். அந்தப் பக்கம் ஆல்டர்வேல், கடன் வாங்கி மக்கள் வாங்கிய புது வீடுகள். சந்து வழியாக மூன்று நிமிடம். அட்ராக்டாவின் தம்பி மாலக்கி தபால்காரன். முப்பத்தோரு வருடம் இரண்டு பக்கத்துக்கும் அவன்தான் கடிதம் போட்டான். வேலை முடிந்ததும் சந்து வழியாக வந்து, அக்காவின் சமையலறையில் பூட்சைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு அதே வழியாக வீட்டுக்குப் போவான். பேச்சு அதிகம் இருக்காது. யார் வீட்டு நாய் கடிக்க வந்தது, யாருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

பிறகு சந்தில் விடலைகள் கூடிக் குடிக்க ஆரம்பித்தார்கள். குப்பைத்தொட்டிக்குத் தீ வைத்தார்கள். ஒரு மாலை, டிம்ப்னா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து தொட்டியில் அவள் கைகளுக்கு நடுவே விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குக் கை நடுக்கம். ஆல்டர்வேல்காரர்கள் சந்தை மூடச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதினார்கள். கையெழுத்து வாங்க எல்லா வாசலும் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான். மாலக்கி அட்ராக்டாவிடமும் வந்தான். தாளை மேசைமேல் வைத்துவிட்டு டிம்ப்னாவின் கையைப் பற்றி மட்டும் பேசினான். அட்ராக்டா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஈட்டா வரிசையில் போட்டது அவள் ஒருத்திதான்.

சந்தை மூடிச் சுவர் கட்டிய பிறகு அவன் காரில் வந்தான், வாரத்துக்கு இரண்டு தடவை. அவனுக்கு நுரையீரலில் நோய் வந்து காரை நிறுத்திய பிறகு அவள் பஸ்ஸில் போனாள். சுவரைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அட்ராக்டா கோட்டை மாட்டிக்கொண்டே டாக்சிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண், “இன்னைக்கா?” என்று கேட்டாள். “இன்னைக்குச் சர்ச்சுல பிள்ளைங்களுக்கு முதல் நற்கருணை, புதுநன்மைங்க. மூணு வண்டியும் ஒரு மணி வரைக்கும் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓடுது.” சனிக்கிழமை பஸ் பன்னிரண்டே காலுக்குத்தான். சமையலறைக் கடிகாரத்தில் பதினொன்றாக ஏழு நிமிடம் இருந்தது.

பக்கத்து வீட்டு நோரீன் புல்வெளி ஓரத்தில் நின்று, பேத்தியின் விருந்துக்காக வாடகைக்கு எடுத்த, பிள்ளைகள் குதித்து விளையாடும் ரப்பர் கோட்டைக்கு இருவர் காற்றடிப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். அட்ராக்டாவின் முகத்தைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டாள்.

“மாலக்கியா?”

“ம்.”

“எங்க வீட்டுக் கார் சர்ச்சுல நிக்குது. மருமகன் எடுத்துட்டுப் போயிட்டான். போன் போட்டாலும் எடுக்க மாட்டான், பூசைல இருப்பான்.” சொல்லிக்கொண்டே போன் போட்டாள். எடுக்கவில்லை. “நடந்தா உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“இடுப்பு இருக்கிற இருப்புக்கு நாற்பது நிமிசம்.”

நோரீன் சுவரைப் பார்த்தாள். சந்தின் வாய் இருந்த இடத்தில் இப்போது யாரோ வீசிய மெத்தையும் ஒரு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியும் கிடந்தன.

“ஏணி இருக்கு,” என்றாள்.

“பைத்தியமா உனக்கு.”

“ஏறித்தான் பாரேன். அந்தப் பக்கம் யாராவது இருந்தா பிடிச்சு இறக்கிடுவாங்க.”

கோட்டைக்குக் காற்றடிக்க வந்தவர்களில் ஒருவன் ஏணியைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். எழுபத்து நான்கு வயதில் அட்ராக்டா ஏணி ஏறினாள். முதலில் வலது கால், அதே படியில் இடது கால். ஐந்தாவது படியில் தலை சுவருக்கு மேலே போனது. இரும்புக் கூர்கள் அவள் மார்பு உயரத்துக்கு நின்றன. அந்தப் பக்கம் தரை இன்னும் ஆழத்தில் இருந்தது. முட்புதர். அதற்கப்பால் ஒரு தோட்டம், அதில் ஆளில்லாத ஊஞ்சல். அடுத்த தோட்டத்தில் ஆளில்லை. அதற்கடுத்தது மாலக்கியினுடையது. மாடி ஜன்னலில் நர்ஸின் நீலச்சட்டை ஒரு தடவை குறுக்கே போனது.

“யாராவது இருக்காங்களா?” என்று கீழிருந்து நோரீன் கேட்டாள்.

“இல்ல.”

“கூப்பிட்டுப் பாரேன்.”

அட்ராக்டா வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் டிம்ப்னா அவனை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வருவாள். வந்து என்ன செய்வாள்? வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு இறங்கினாள். இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது.

“ஒன்பது வருசமா நான் சொல்லிட்டேதான்…” என்று ஆரம்பித்த நோரீன் அதோடு நிறுத்திக்கொண்டாள். அட்ராக்டாவின் கோட்டில் ஒட்டியிருந்த துருவைக் கையால் தட்டிவிட்டாள். “நட. நான் மருமகனுக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன். எடுத்தான்னா வழியில உன்னை ஏத்திக்கச் சொல்றேன்.”

ஈட்டா வரிசையின் கடைசி வீட்டைத் தாண்டி அட்ராக்டா பெரிய சாலைக்கு வந்தாள். ஆல்டர்வேல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதை அடைய அதற்கு எதிர்த்திசையில்தான் நடக்க வேண்டும். பள்ளிக்கூடம், சர்ச், மைதானம், ரவுண்டானா, பிறகு புறவழிச் சாலை, பிறகு ஆல்டர்வேல் வாசல். நடுவில் ஓடும் ஓடைக்கு ரவுண்டானாவுக்குப் பக்கத்தில்தான் பாலம். சந்து இருந்த காலத்தில் அந்த ஓடை இருப்பதே யாருக்கும் நினைவில் இருந்ததில்லை. அது சந்தின் கீழே ஒரு குழாயில் ஓடியது.

பள்ளிக்கூடத்தை நெருங்கும்போது கைப்பேசி அடித்தது.

“எங்க இருக்கே?” டிம்ப்னாவின் குரல் தாழ்ந்திருந்தது.

“பள்ளிக்கூடத்துகிட்ட.”

பள்ளிக்கூடம் என்றால் எவ்வளவு மிச்சம் என்று டிம்ப்னாவுக்கும் தெரியும்.

“கண்ணு திறந்திருக்கு. உன்னைக் கேட்டாரு. போனைக் காதுல வைக்கறேன், பேசு.”

“நான் வந்து பேசறேன்.”

“இல்ல, இப்பவே பேசிடு அட்ராக்டா.”

தலையணை உரசும் ஓசை. பிறகு அவன் மூச்சு கேட்டது. ஈர மரத்தை மொண்ணை ரம்பத்தால் அறுப்பதுபோல் இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

“மாலக்கி, நான்தான்.”

ரம்பம் நின்றது. “அட்டி,” என்றான். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “சுத்தியா வர்றே?” என்றான்.

அட்ராக்டா நடந்துகொண்டே இருந்தாள்.

“ஆமா, பெட்ரோல் பங்க் கடைல பால் வாங்கணும். அதுக்குத்தான் இந்தப் பக்கமா வரேன். வேற ஒண்ணுமில்ல.”

அவன் மூச்சு மட்டும் வந்தது. பிரார்த்தனை சொல்லலாம். ஆனால் அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தால் அவன் பயந்துபோவான் என்று தோன்றியது. கண்ணெதிரே இருந்ததைச் சொன்னாள்.

“பள்ளிக்கூடத்துக்குப் புது வேலி போட்டிருக்காங்க. பச்சை. நல்லாவே இல்ல. வாசல்ல பெரிய பலகை, வண்டி நிறுத்தாதேன்னு. அதுக்குக் கீழேயே நாலு வண்டி நிக்குது. நீ கேட்டுட்டே இருக்கியா? மிசஸ் கானட்டன் வீட்டுக் கதவை நீலமா அடிச்சிருக்காங்க. கதவுல கடிதம் போடற வாய் அவ்வளவு குட்டி, எல்லாத்தையும் ரெண்டா மடிச்சுப் போடணும்னு திட்டுவியே. இப்பவும் அதே வாய்தான்.”

மூச்சு இழுத்தது.

“அடுத்தது கடை. சிகரெட்டும் செய்தித்தாளும் வித்த கடை இல்ல, அது போயிடுச்சு. இப்ப நகத்துக்குச் சாயம் பூசறாங்க. உள்ளே மூணு பேரு கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அதுக்கு மேல முடிவெட்டற துருக்கிக்காரன். அவனுக்கு நல்ல கூட்டம்.”

இடது இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு கம்பி இழுத்தது. அவள் சுவரோரமாகக் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். சர்ச்சுக்கு முன்னால் சாலை முழுக்கக் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. பூசை முடிந்துவிட்டது. வெள்ளைக் கவுன் போட்ட சிறுமிகள் படிக்கட்டில் நிற்க, தகப்பன்மார் பின்னால் பின்னால் போய்ப் படமெடுத்தார்கள். நோரீனின் மருமகன் கூட்டத்துக்கு நடுவே அவளைப் பார்த்துக் கையசைத்தான். வாயைப் பெரிதாக அசைத்து ஏதோ சொல்லி, தன் காரைக் காட்டினான். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று கார்கள் அதை அடைத்துக்கொண்டு நின்றன. அவன் இரண்டு கையையும் விரித்தான். அட்ராக்டா தலையசைத்துவிட்டுத் தாண்டினாள்.

“சர்ச்சுகிட்ட வந்துட்டேன். பிள்ளைங்க சத்தம் கேக்குதா? ஒருத்தி கிரீடமே வச்சிருக்கா. அவங்கம்மா அதைவிடப் பெரிய தொப்பி. சாமியார் வெளியே நின்னு எல்லாருக்கும் கை கொடுக்கறாரு, களைச்சுப் போயிட்டாரு பாவம். மதில்ல உன் தபால்பெட்டி அப்படியேதான் இருக்கு. இப்ப மூணு மணிக்கே எடுத்துடறாங்களாம், போட்டிருக்கு. உன் காலத்துல அஞ்சரை.”

“அஞ்சே முக்கா,” என்றான் மாலக்கி.

அவள் நின்றுவிட்டாள். பிறகு இன்னும் வேகமாக நடந்தாள்.

“அஞ்சே முக்கா. சரிதான். நான் அஞ்சரைன்னே நினைச்சிட்டிருந்தேன்.”

“அட்டி.”

“சொல்லு.”

ரம்பம் மறுபடி தொடங்கியது. இப்போது இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே நிறைய இடம் இருந்தது. அந்த இடத்திலெல்லாம் அவள் பேசினாள். மருத்துவ மையம் சனிக்கிழமை என்று மூடிக் கிடப்பதைச் சொன்னாள். மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் புது வலை கட்டியிருப்பதை, இனிமேல் பந்து ஓடைக்குள் போகாது என்பதை, பார்வையாளர் கொட்டகைக்குத் தகரம் மாற்றியிருப்பதைச் சொன்னாள். முதியோர் மன்ற வாசலில் பிங்கோ ஆட்டம் புதன்கிழமைக்கு மாறிவிட்டதாக எழுதி ஒட்டியிருந்தது. அதையும் படித்தாள். எல்லாம் இருந்தது. நடந்து போகிற தூரத்தில் எல்லாம் இருக்கிற பகுதி என்று ஆல்டர்வேல் வீடுகளை விற்றபோது விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த விளம்பரத் தாள்களை வீடு வீடாகப் போட்டவனும் மாலக்கிதான்.

ரவுண்டானாவில் லாரிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கைப்பேசியை மற்றொரு காதில் அழுத்தினாள்.

“இங்க சத்தம், கொஞ்சம் இரு. தாண்டணும்.”

கடப்பதற்கு இடைவெளியே கிடைக்கவில்லை. ஒரு கார், ஒரு சிமெண்ட் வண்டி, ஜன்னலில் பலூன் கட்டிய ஒரு கார். அவள் ஒரு காலை இறக்கினாள், ஏற்றினாள். கடைசியில் ஒரு பால் லாரிக்காரன் நிறுத்திக் கையைக் காட்டினான். அவள் நொண்டிக்கொண்டே ஓடினாள்.

“தாண்டிட்டேன். லாவின் வயலு இங்கதானே இருந்துச்சு, நினைவிருக்கா? இந்த ரவுண்டானா நடுவுல பூ வச்சிருக்காங்களே, அங்கதான் அந்தச் செவத்தப் பசு நம்மளைத் துரத்திச்சு. நீ என்னை விட்டுட்டு ஓடின. வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் நின்னுகிட்டு, ஓடி வா அட்டி ஓடி வான்னு கத்தின. எனக்கு அன்னைக்கு உன்மேல அவ்வளவு கோபம். அப்பாகிட்ட சொல்லணும்னு நினைச்சேன், சொல்லல.”

புறவழிச் சாலையில் நடைபாதை கிடையாது. புல் விளிம்பில் ஒரு காலும் தார் விளிம்பில் ஒரு காலுமாக நடந்தாள். கார்கள் போகும்போதெல்லாம் கோட்டு படபடத்தது. அந்த இரைச்சலில் மூச்சு கேட்கவில்லை. இரைச்சல் ஓய்ந்தபோதும் கேட்கவில்லை. கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இணைப்பு இருந்தது, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டாள். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

“பாலத்துல வந்துட்டேன். தண்ணி கம்மி. யாரோ சைக்கிளைப் போட்டிருக்காங்க உள்ளே. பங்க் தெரியுது. பால் அப்புறம் வாங்கிக்கலாம், வீட்ல இருக்கும். முதல்ல உன்னைப் பாத்துடறேன். ஆல்டர்வேல் பலகையில ஒரு எழுத்து விழுந்துடுச்சு, நீ பாத்திருந்தா மனு எழுதியிருப்பே. உள்ளே வந்துட்டேன். முதல் திருப்பம் இல்ல, ரெண்டாவது. இங்க எல்லா வீடும் ஒண்ணாட்டம் இருக்கு, நீ எப்படித்தான் மாத்திப் போடாம கொடுத்தியோ. உங்க செர்ரி மரம் தெரியுது. பூவெல்லாம் கொட்டிடுச்சு. உன் கார்மேல பூரா பூ. வாசலுக்கு வந்துட்டேன், மாலக்கி. கதவு திறந்திருக்கு.”

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். மேலே அறைவாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். அட்ராக்டாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

டிம்ப்னா கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தாள். அவள் கை அவன் கைமேல் இருந்தது. அந்தக் கை இப்போது நடுங்கவில்லை. மாலக்கியின் முகம் தலையணையில் கைப்பேசியின் பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ கண்ணை மூடிவிட்டிருந்தார்கள்.

அட்ராக்டாவின் காதில் அவளுடைய மூச்சே கேட்டது. கைப்பேசியை அப்போதுதான் காதிலிருந்து எடுத்தாள்.

“எப்போ?” என்றாள்.

“நீ ரவுண்டானாகிட்ட நின்னப்போ.”

“அந்தப் பசுவுக்கு முன்னாடியா?”

டிம்ப்னா யோசித்தாள். “அதுக்கு முன்னாடிதான். கொஞ்சம் இருன்னு சொன்னியே, அப்ப.”

கீழே தெருவில் ஒரு கார் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. குழந்தைகள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். யாரோ ஒருத்தி, கவுனைத் தூக்கிப் பிடி, அழுக்காயிடும், என்றாள்.

“உங்கிட்ட சொல்லணும்னு போனை எடுக்கப் போனேன்,” என்றாள் டிம்ப்னா. “நீ பேசிட்டே இருந்தே. எடுக்க மனசு வரல. எனக்கும் கேக்கணும் போல இருந்துச்சு.” பிறகு, அவனைப் பார்த்தபடியே, “அந்தச் சந்து மட்டும்…” என்றாள்.

“நர்ஸுக்குத் தேநீர் கொடுத்தியா?” என்று கேட்டாள் அட்ராக்டா.

“இல்ல.”

“பாவம், காலைல இருந்து நிக்குது. போய்த் தண்ணி கொதிக்க வை. எனக்கும் சேர்த்து.”

டிம்ப்னா எழுந்தாள். போகும்போது ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள், ஆன்மா வெளியே போக வழிவிடுவது அங்கெல்லாம் வழக்கம். நர்ஸும் அவளோடு இறங்கினாள்.

அட்ராக்டா நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு தம்பியின் கால்மாட்டுக்கு வந்தாள். போர்வை விலகியிருந்தது. ஒரு காலில் கம்பளிக் காலுறை இருந்தது, மற்றதில் இல்லை. எங்கே என்று தேடினாள். மடிந்த போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. அதை எடுத்து உதறி, இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு விரித்து, அவன் விரல்களில் நுழைத்து, குதிகாலைக் கையில் ஏந்திக் கணுக்கால் வரை இழுத்துவிட்டாள்.

கால் இன்னும் சூடாக இருந்தது.